உடம்பு நல்லாத்தான் இருக்குன்னு ஒரு பொய்!

செமஸ்டர் நெருங்கியாச்சு. நோட்டீஸ் போர்டுல அட்டெண்டன்ஸ் லிஸ்ட் ஒட்டியிருக்காங்க. 75 பர்சென்ட்டுக்குக் கீழே உங்க பேர் பளிச்சுனு இருக்கு. அடுத்து நீங்க என்ன பண்ணுவீங்கன்னு சொல்லட்டுமா?

நேரா தெருமுனை கிளினிக். 'டாக்டர்... போன மாசம் எனக்கு டைபாய்டு வந்துச்சுல்ல?'னு ஆரம்பிப்பீங்க. டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே உங்களை ஒரு பார்வை பார்ப்பார். உங்க அப்பாவை அவருக்கு இருபது வருஷமா தெரியும். பெருமூச்சு விட்டபடி லெட்டர் பேடை எடுப்பார். வராத காய்ச்சல் பதினஞ்சு நாள் இருந்ததா எழுதி, ஒரு சீல். முடிஞ்சுது கதை!

நம்ம ஊர்ல மெடிக்கல் சர்டிபிகேட்னா பெரும்பாலும் அதுதான் பாஸ். இல்லாத வியாதியை 'இருக்கு'ன்னு சொல்ற பேப்பர்.

இதுக்கு அப்படியே தலைகீழா ஒரு சர்டிபிகேட் உண்டு. இருக்கிற வியாதியை 'இல்லை'ன்னு சொல்லச் சொல்லி மனசு அரிக்கும். அது பைலட்களோட மெடிக்கல். இந்த வாரம் அதைப் பத்திப் பேசுவோம். 'நான் பி.காம். படிக்கிறேன், எனக்கு எதுக்கு பைலட் கதை?'ன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. கடைசியில உங்க ஹாஸ்டல் ரூமுக்குத்தான் வந்து சேருவோம்.

லைசென்ஸ் மட்டும் போதாது!

அமெரிக்காவுல விமானம் ஓட்டுற லைசென்ஸ் ஒரு தடவை வாங்கிட்டா அது காலாவதி ஆகாது. ஆனா, பையில செல்லுபடியாகிற மெடிக்கல் சர்டிபிகேட் இல்லைன்னா ஏர்லைன் விமானத்தோட காக்பிட்ல உட்கார முடியாது. அதுல மூணு கிளாஸ். ஏர்லைன் கேப்டனுக்கு முதல் கிளாஸ், சம்பளத்துக்கு ஓட்டுற மத்தவங்களுக்கு இரண்டாம் கிளாஸ், சொந்த ஆசைக்கு ஓட்டுறவங்களுக்கு மூணாம் கிளாஸ். நாற்பது வயசுக்குக் கீழே இருக்கிற ஏர்லைன் கேப்டன் வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் முன்னாடி நிக்கணும். நாற்பது தாண்டிட்டா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. யோசிச்சுப் பாருங்க... நமக்கு அரியர் எக்ஸாம் வர்ற மாதிரி, அவங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒருமுறை வேலையே போகலாம்ங்கிற ஒரு பரீட்சை!

டாக்டரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு ஃபாரம் நிரப்பணும். என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க, கடைசி மூணு வருஷத்துல எந்தெந்த டாக்டரைப் பார்த்தீங்க... எல்லாம் எழுதணும். அப்புறம் ஒரு நீள லிஸ்ட். இதய நோய், வலிப்பு, சர்க்கரை, மனச்சோர்வு, மயக்கம்... 'உங்க வாழ்நாளில் எப்போதாவது இருந்ததுண்டா?'ன்னு கேள்வி. 'இப்ப இருக்கா?' இல்லை, 'எப்போதாவது'! ஒவ்வொண்ணுக்கும் ஆம், இல்லை என்று ரெண்டு கட்டம். தெரிஞ்சே பொய் டிக் போட்டா அஞ்சு வருஷம் வரை ஜெயில், 2,50,000 டாலர் வரை அபராதம்னு அந்த ஃபாரமே எச்சரிக்குது.

இன்சுலின் போடுற சர்க்கரை நோய், வலிப்பு, மாரடைப்பு, பேஸ்மேக்கர்னு மொத்தம் 15 விஷயங்களை அமெரிக்க விதி தகுதி இழப்புப் பட்டியல்ல வெச்சிருக்கு. ஆனா, நிறைய பேருக்குத் தெரியாத, தெரிஞ்சாலும் நம்பாத ஒரு வாசல் அங்கே திறந்தே இருக்கு. பேரு 'ஸ்பெஷல் இஷ்யூயன்ஸ்'. 'எனக்கு இந்த வியாதி இருக்கு, இந்த வைத்தியம் எடுக்கிறேன், இதோ என் ரிப்போர்ட்'னு எல்லாத்தையும் டேபிள் மேல வெக்கணும். பரிசோதிக்கிற டாக்டர் தானா முடிவு எடுக்காம ஃபைலை எஃப்.ஏ.ஏ.வுக்கு அனுப்புவார். எஃப்.ஏ.ஏ.ங்கிறது அந்த நாட்டு விமானத்துறை நிர்வாகம். அவங்க இன்னும் ரெண்டு டெஸ்ட் கேட்பாங்க, ஸ்பெஷலிஸ்ட் லெட்டர் கேட்பாங்க. மாசக்கணக்குல இழுக்கும். பாஸ் ஆனா, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லுபடியாகிற ஒரு அனுமதி கிடைக்கும். அடுத்த தடவை புதுப்பிக்கப் போகும்போது, நடுவுல உடம்பு எப்படி இருந்துச்சுன்னு புது ரிப்போர்ட்டோட போகணும். பல வியாதிகளுக்கு முதல் அனுமதி வாங்கிட்டா, அடுத்தடுத்த தடவை பரிசோதிக்கிற டாக்டரே ரிப்போர்ட்டைப் பார்த்துப் புதுப்பிச்சுக் கொடுத்துடலாம்.

சுருக்கமா சொன்னா, 'வியாதி இருக்கா?'ங்கிறதோட விஷயம் முடியலை. 'கட்டுப்பாட்டுல இருக்கா?'ங்கிறதுதான் அடுத்த கேள்வி. அந்த ரெண்டாவது கேள்வி வரைக்கும் போகத் தைரியம் இல்லாதவங்கதான் முதல் கேள்வியிலேயே பொய் சொல்றாங்க.

அஞ்சு தடவை சொன்ன பொய்

கூப்பர்னு ஒரு அமெரிக்க பைலட். 1964-லேயே லைசென்ஸ் வாங்கினவர். 1985-ல அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது தெரிஞ்சுது. அந்தக் காலத்துல எச்.ஐ.வி. இருக்கிறவங்களுக்கு எஃப்.ஏ.ஏ. மெடிக்கல் கொடுக்காது. மனுஷன் யோக்கியமா நடந்துக்கிட்டார். சர்டிபிகேட்டைப் புதுப்பிக்கவே போகலை. தன்னைத்தானே தரையில நிறுத்திக்கிட்டார்.

ஆனா, ஒன்பது வருஷம் வானத்தை அண்ணாந்தே பார்த்துட்டிருந்தா யாருக்குத்தான் கை அரிக்காது? 1994-ல அப்ளை பண்ணினார். எச்.ஐ.வி. பத்தியும் மூச்சு விடலை, சாப்பிடுற மருந்து பத்தியும் மூச்சு விடலை. சர்டிபிகேட் கிடைச்சுது. அப்புறம் 1998, 2000, 2002, 2004-னு நாலு தடவை புதுப்பிச்சார். ஒவ்வொரு தடவையும் அதே பொய்.

நடுவுல 1995-ல உடம்பு மோசமாச்சு. அரசாங்கத்தோட சமூகப் பாதுகாப்புத் துறையில உதவித்தொகை கேட்டார். அங்கே மட்டும் எச்.ஐ.வி. இருக்குன்னு உண்மையைச் சொன்னார். ஒரு வருஷம் பணமும் வாங்கினார். ஒரு ஆபீஸ்ல 'எனக்கு முடியலை', இன்னொரு ஆபீஸ்ல 'நான் ஃபிட்'! ரெண்டு ஆபீஸும் பேசிக்காதவரை பிரச்னை இல்லை. 2002-ல பேசிக்க ஆரம்பிச்சாங்க. 'ஆபரேஷன் சேஃப் பைலட்'னு பேர் வெச்சு, வடக்கு கலிஃபோர்னியாவுல இருந்த சுமார் 45,000 பைலட்களோட லிஸ்ட்டை உதவித்தொகை வாங்கினவங்க லிஸ்ட்டோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. கூப்பர் மாட்டினார். லைசென்ஸ் ரத்து. கேஸ். குற்றத்தை ஒப்புக்கிட்டார். 1,000 டாலர் அபராதம், ரெண்டு வருஷம் கண்காணிப்புத் தண்டனை.

'என் அந்தரங்கத்தை எப்படி ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸுக்குக் கொடுக்கலாம்?'னு அவரும் அரசாங்கம் மேல கேஸ் போட்டார். அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேட்க அந்தச் சட்டத்துல இடமில்லைன்னு 2012 மார்ச்ல அஞ்சுக்கு மூணுன்னு தீர்ப்பு. அதிலேயும் தோல்வி.

சரி, இதுல நெஞ்சுல குத்துற இடம் இது இல்லை. அந்தத் தீர்ப்போட அடிக்குறிப்புல ஒரு சின்னத் தகவல் இருக்கு. எல்லாம் முடிஞ்ச பிறகு கூப்பர் மறுபடி அப்ளை பண்ணினார். இந்த முறை எச்.ஐ.வி., மருந்து, வைத்தியம்னு எல்லாத்தையும் காட்டி. எஃப்.ஏ.ஏ. படிச்சுப் பார்த்துட்டு லைசென்ஸ், மெடிக்கல் ரெண்டையுமே திரும்பக் கொடுத்துடுச்சு!

1994-ல உண்மையைச் சொல்லியிருந்தா கிடைச்சிருக்குமான்னு கேட்டா, அது வேற. ஆனா காலமும் வைத்தியமும் மாறிக்கிட்டே வந்துச்சு. அதே பழைய பயத்தோட அஞ்சாவது தடவையும் அவர் பொய் எழுதினார். மூடியிருந்த கதவு திறந்துடுச்சான்னு தட்டிப் பார்க்கவே இல்லை.

பத்து வருஷம் காத்திருந்தவர்

இன்னொருத்தர் கதை. டெக் ஸ்லேட்டன். 1959-ல நாசா பொறுக்கி எடுத்த முதல் ஏழு விண்வெளி வீரர்கள்ல ஒருத்தர். எல்லாரும் டெஸ்ட் பைலட்கள், கில்லாடிகள். பயிற்சியில இவரோட இதயத் துடிப்பு சில சமயம் தாளம் தப்புறதை டாக்டர்கள் கண்டுபிடிச்சாங்க. 1962-ல அவர் விண்வெளிக்குப் போக ரெண்டே மாசம் இருக்கும்போது, 'நீங்க போக முடியாது'ன்னுட்டாங்க. அந்த சீட்ல ஸ்காட் கார்பென்டர் போயிட்டு வந்தார்.

நம்மளா இருந்தா என்ன பண்ணியிருப்போம்? தாடி வளர்த்திருப்போம். ஸ்லேட்டன் நாசாவை விட்டுப் போகலை. யார் யார் எந்த விண்கலத்துல போகணும்னு ஆள் தேர்ந்தெடுக்கிற வேலையை எடுத்துக்கிட்டார். ஜெமினி, அப்போலோ... நிலாவுல நடந்தவங்களை எல்லாம் அனுப்பி வெச்ச கை அவரோடது. கல்யாண வீட்டுல எல்லாருக்கும் பந்தி பரிமாறிட்டு, தான் மட்டும் சாப்பிடாம நிக்கிற மாதிரி!

நடுவுல சிகரெட்டை விட்டார், உடற்பயிற்சி பண்ணினார், டாக்டர்கள்கிட்ட திரும்பத் திரும்பப் போய் நின்னார். தாளம் தப்புறது நின்னுச்சு. 1972 மார்ச்ல 'நீங்க ஃபிட்'னு எழுதிக் கொடுத்தாங்க. பத்து வருஷம்! 1975 ஜூலையில, அமெரிக்காவும் சோவியத் யூனியனும் விண்வெளியில கை குலுக்கின அப்போலோ-சோயுஸ் பயணத்துல அவர் போனார். அப்போ வயசு 51. அதுவரைக்கும் விண்வெளிக்குப் போனவங்கள்ல அவர்தான் மூத்தவர்.

எல்லாருக்கும் இப்படி ஹேப்பி எண்டிங் கிடைச்சுடாது. கடைசி வரைக்கும் சீட் கிடைக்காமப் போனவங்களும் உண்டு. அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

ரூல் போடுறவங்களுக்கும் பங்கு உண்டு

பொய் சொல்றவங்களை மட்டும் திட்டிட்டுப் போனா அது நியாயம் இல்லை. உண்மை சொன்னவனுக்குத் தண்டனை கொடுக்கிற ரூல், பொய்யைத்தான் வளர்க்கும்.

மனச்சோர்வையே எடுத்துக்கோங்க. 2010 வரைக்கும் அமெரிக்காவுல மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுற பைலட் பறக்க முடியாது. அப்போ என்ன நடக்கும்? ஒண்ணு, மாத்திரை சாப்பிடாமலே பறப்பாங்க. இல்லை, சாப்பிட்டு மறைப்பாங்க. ரெண்டுமே பின்னாடி உட்கார்ந்திருக்கிற பயணிக்கு நல்லது இல்லை. 2010 ஏப்ரல்ல எஃப்.ஏ.ஏ. இறங்கி வந்துச்சு. நாலு மாத்திரைகளுக்கு அனுமதி கொடுத்து, சாப்பிட்டு 12 மாசம் நிலையா இருந்தா பரிசீலிப்போம்னாங்க. இன்னொண்ணும் செஞ்சாங்க. இதுவரை மறைச்சவங்க ஆறு மாசத்துக்குள்ள வந்து சொல்லிட்டா, அதுக்காக நடவடிக்கை எடுக்க மாட்டோம்னு அறிவிச்சாங்க. பயந்தவனைப் பேச வைக்க முதல்ல பயத்தை எடுக்கணும்னு புரிஞ்சுக்கிட்டாங்க.

அடுத்தது இன்சுலின். ரொம்ப வருஷம் 'இன்சுலினா? காக்பிட் பக்கமே வராதே'ங்கிற நிலைமை. காரணம் சும்மா இல்லை. சர்க்கரை சட்டுனு இறங்கினா தலை சுத்தும், வியர்க்கும், பேச்சு குழறும், நினைவு தப்பும். 35,000 அடி உயரத்துல அது விளையாட்டு இல்லை. 2012-ல பிரிட்டன் ஒரு வழி கண்டுபிடிச்சுது, டிராஃபிக் சிக்னல் மாதிரி. பறக்கிறதுக்கு முன்னாடி, பறக்கும்போது மணிக்கொரு தடவை, இறங்குறதுக்கு அரை மணி முன்னாடின்னு விரல்ல குத்தி சர்க்கரை பார்க்கணும். நம்ம லேப் ரிப்போர்ட் கணக்குல சுமார் 90-லிருந்து 270 வரை பச்சை. கொஞ்சம் இறங்கினா மஞ்சள், உடனே ஏதாவது இனிப்பா சாப்பிட்டுட்டு மறுபடி டெஸ்ட். சுமார் 72-க்குக் கீழே போனா சிவப்பு, பக்கத்து சீட் பைலட்கிட்ட கன்ட்ரோலைக் கொடுத்துடணும்.

ஒத்து வந்துச்சா? பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரியாவுல இப்படிப் பறந்த 49 பைலட்களோட ஏழரை வருஷக் கணக்கு 2020-ல வெளியாச்சு. 22,078 மணி நேரம் பறந்ததுல 38,621 ரீடிங். அதுல 97.69 சதவிகிதம் பச்சை. சிவப்புக்கு இறங்கினது 48 தடவை, அதாவது 0.12 சதவிகிதம். சர்க்கரையால ஒரு பைலட்கூட செயலிழந்து போகலை. அமெரிக்காவும் 1996-லிருந்து சொந்த ஆசைக்கு ஓட்டுறவங்களுக்கு மட்டும் கொடுத்திட்டிருந்த அனுமதியை, 2019 நவம்பர்ல ஏர்லைன் பைலட்கள் வரைக்கும் நீட்டிச்சுது.

இந்தக் கணக்கு எப்படி வந்துச்சு? 49 பேர் 'எனக்கு சர்க்கரை இருக்கு'ன்னு வெளிப்படையா சொல்லி, ஒவ்வொரு ரீடிங்கையும் எழுதி வெச்சதால வந்துச்சு. மறைச்சவங்களால ஒரு ரூல்கூட மாறலை பாஸ்.

இப்போ நம்ம ஹாஸ்டலுக்கு வருவோம்

நான் படிச்சப்போ என் விங்ல ஒரு பையன். ஃபுட்பால் டீம்ல விங்கர், காத்து மாதிரி ஓடுவான். சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு சின்னப் பையோட பாத்ரூமுக்குப் போயிட்டு வருவான். நாங்க அதுக்கு 'மேக்கப் கிட்'னு பேர் வெச்சு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினோம். சிரிச்சுக்கிட்டே போயிடுவான்.

ஒருநாள் சாயங்காலம், மேட்ச்சுக்கு முதல் நாள். பிராக்டீஸ் முடிஞ்சு வந்தவன் வராந்தாவுல தள்ளாடினான். பேச்சு குழறுது. சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. 'டேய், சரக்கு அடிச்சுட்டு வந்திருக்கான்டா'ன்னு சிரிச்சுக்கிட்டே கட்டில்ல படுக்க வெச்சுட்டு நாங்க மெஸ்ஸுக்குப் போயிட்டோம். ஆமா, போயிட்டோம். நானும்தான்.

மெஸ்ல எங்க பேச்சைக் கேட்ட சமையல் அண்ணன்தான் கரண்டியைப் போட்டுட்டு ஓடினார். அவர் சம்சாரத்துக்கு சர்க்கரை, ஊசி போடுறவங்க. வந்து பார்த்ததுமே அவருக்குப் புரிஞ்சுடுச்சு. அவனுக்கு அப்போ விழுங்குற அளவுக்கு நினைவு இருந்துச்சு, அது எங்க அதிர்ஷ்டம். சர்க்கரைத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வெச்சார். கால் மணி நேரத்துல கண்ணை முழிச்சு 'என்னண்ணே?'ன்னான். அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்.

'ஏன்டா எங்ககிட்ட சொல்லலை?'ன்னு கேட்டேன். 'சொன்னா கோச் டீம்ல இருந்து தூக்கிடுவார்டா'ன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, 'உங்ககிட்ட சொன்னா அதையும் வெச்சு ஓட்டுவீங்க'ன்னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இன்னிக்கும் இல்லை.

கோச் என்ன பண்ணினார் தெரியுமா? அந்த மேட்ச்ல உட்கார வெச்சார். டாக்டர் லெட்டர் இல்லாம கிரவுண்டுக்குள்ள கால் வைக்காதேன்னார். லெட்டர் வந்ததும் சேர்த்துக்கிட்டார். ஹாஃப் டைம்ல சர்க்கரை பார்க்கணும், கேப்டன் பையில எப்பவும் குளுகோஸ் பாக்கெட் இருக்கணும், அவ்வளவுதான் கண்டிஷன். எஃப்.ஏ.ஏ. பேரையே கேள்விப்படாத அந்த மனுஷன் கொடுத்ததும் ஒரு 'ஸ்பெஷல் இஷ்யூயன்ஸ்'தான்!

ரெண்டே விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கறேன்.

ஒண்ணு, பைலட் கனவோட இருக்கிறவங்களுக்கு. கோர்ஸுக்கு அட்வான்ஸ் கட்டி, அப்பா நிலத்தை அடமானம் வைக்கிறதுக்கு முன்னாடி மெடிக்கலை முடிச்சுடுங்க. நம்ம நாட்டுல டி.ஜி.சி.ஏ. விதிப்படி முதல்ல கிளாஸ் 2, அப்புறம் கிளாஸ் 1. அமெரிக்காவுலேயும் பிரிட்டன்லேயும் நடக்கிறது இங்கேயும் அப்படியே நடக்கும்னு நினைச்சுக்காதீங்க, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ரூல். ஏதாவது சந்தேகம் இருந்தா லட்சங்கள் கட்டின பிறகு தெரியறதைவிட, கட்டுறதுக்கு முன்னாடி தெரியறது நல்லது.

ரெண்டாவது, மத்த எல்லாருக்கும். வலிப்பு மாத்திரையை வைட்டமின் டப்பாவுல போட்டு வெச்சிருக்கிற பொண்ணு உங்க ஹாஸ்டல்லயும் இருக்கலாம். தூக்கமே வராம மூணு மாசமா சீலிங் ஃபேனைப் பார்த்துட்டுப் படுத்திருக்கிற பையன் உங்க ரூம்லயே இருக்கலாம். ஏன், அது நீங்களாவே இருக்கலாம். ஊருக்கே மைக் போட்டுச் சொல்ல வேண்டாம். பக்கத்துக் கட்டில்ல இருக்கிற ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வைங்க. என்ன ஆனா என்ன பண்ணணும்னும் சேர்த்துச் சொல்லுங்க.

அந்தப் பக்கத்துக் கட்டில்ல நீங்க இருந்தா... தயவுசெஞ்சு ஓட்டாதீங்க. நாங்க ஓட்டினதாலதான் அவன் எங்ககிட்ட வாயே திறக்கலை.

அட்டெண்டன்ஸ் விஷயமா? அதுக்கு நாளையிலிருந்து ஒழுங்கா கிளாஸுக்குப் போங்க. டாக்டர் அங்கிள் பாவம், அவரை விட்டுடுங்க!